தூங்க மறுத்த லில்லிகள்

அந்தக் குடியிருப்பில் இருபத்துநான்கு வீடுகள். இருபத்துநான்கு வீட்டுக்காரர்களுக்கும் அவள் பைப்பக்கா. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பித் தொந்தரவு செய்ய யாருக்கும் அவசியம் வந்ததில்லை. அவளைவிடப் பதினேழு வயது மூத்த குடியிருப்போர் சங்கச் செயலாளர்கூட, கீழ்த்தளத்துப் பின்வீட்டு வாசலில் நின்று, "பைப்பக்கா இருக்காங்களா?" என்றுதான் குரல் கொடுப்பார்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு குழாய் மேஸ்திரியிடம் சாமான் தூக்கச் சேர்ந்தவள் அவள். பதினோரு வருடம் ஏணியைப் பிடித்தாள், சிமெண்டு குழைத்தாள், ரெஞ்சை எடுத்துக் கொடுத்தாள். எந்த அளவு ரெஞ்சு என்று மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் அது அவர் கையில் இருக்கும். ஒருநாள் மேஸ்திரி காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாளாக அடைத்துக் கிடந்த கழிவுக் குழாயை அவளே தனியாக இறங்கிச் சரிசெய்தாள். அடுத்த வாரம் தலைமையாசிரியை மேஸ்திரியைக் கூப்பிட்டு, "பிரமாதமா செஞ்சிருக்கீங்க, யார் பாத்தது?" என்று கேட்டார். மேஸ்திரி அவள் பக்கம் திரும்பாமலே, "நம்ம ஆளுங்கதாம்மா" என்றார்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. கடைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு ரெஞ்சு வாங்கினாள்.

வீட்டில் அவள் கணவர் தையல்காரர். முன்னறையில் மிஷின், அதற்குப் பின்னால் அவர், அவர் வாயில் எப்போதும் இரண்டு குண்டூசியும் ஒரு கிண்டலும். ஒரே மகள். இவ்வளவுதான் குடும்பம்.

லில்லிகள் வந்தது அவளுடைய நாற்பத்தோராவது வயதில். ஒரு பொக்கே கடையில் கைகழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. வருடக்கணக்கில் வெட்டிப் போட்ட இலையும் தண்டும் குழாய்க்குள் பஞ்சு மாதிரி இறுகியிருந்தன. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது, கடைக்காரப் பெண் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினாள்.

"அக்கா, போற வழியில இதைக் குப்பையில போட்டுடுறீங்களா? கால்லா லில்லிக் கிழங்கு. காஞ்சு போச்சு, யாரும் வாங்க மாட்டேங்குறாங்க."

"கல்லா லில்லியா?"

"கால்லா, அக்கா. கொஞ்சம் நீட்டிச் சொல்லணும்."

"நீட்டியோ மடக்கியோ, வியாபாரம் பண்றவ கல்லாவைத் தூக்கிக் குப்பையில போடலாமா?" என்று சிரித்தபடி பெட்டியை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டாள். குப்பைத்தொட்டி வந்தது; வண்டி நிற்கவில்லை. ஏன் என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். "உள்ள உசிரு இருந்த மாதிரி தோணுச்சு" என்பாள்.

பெட்டியைச் சமையலறையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கணவர் தண்ணீர்க் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சேப்பங்கிழங்கு வாங்கிட்டு வந்தே? ரெண்டுதான் உரிச்சேன், கை தீயா அரிக்குது!"

"ஐயோ, அது பூச்செடிங்க! வாயில வச்சீங்களா?"

"வைக்கலை. வச்சிருந்தா உனக்கு ஒரு வாரம் வீடு அமைதியா இருந்திருக்கும்."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் விளையாட்டு இல்லை. அந்தச் செடியில் கிழங்கு, இலை, தண்டு எல்லாவற்றிலுமே கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி ஒன்று இருக்கிறது. வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கிவிடும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவள் கையுறை இல்லாமல் அவற்றைத் தொட்டதில்லை. மாடி வீட்டுத் தவழும் குழந்தைக்கும், யாருக்கும் சொந்தமில்லாத மஞ்சள் பூனைக்கும் எட்டாதபடி ஒரு கம்பிக் கதவும் போட்டாள்.

கதவு போட்ட இடம், வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் நான்கடி அகலச் சந்து. காலையில் இரண்டு மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும், பிறகு நாள் முழுக்க நிழல். துணி காயாது, கீரை முளைக்காது. மேல் வீடுகளின் ஏசி தண்ணீர் மட்டும் ஒரு மூலையில் சொட்டிக்கொண்டே இருக்கும். மிச்சமிருந்த ஒன்பது கிழங்குகளை அங்கே பழைய பெயிண்டு டப்பாக்களில் நட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்று வாரத்தில் இரண்டு மட்டும் துளிர்த்தன. மற்றவை ஊமை. பொறுக்கமாட்டாமல் தோண்டிப் பார்த்தாள். கிழங்குகள் கையோடு குழைந்து வந்தன. அவளுக்குப் பழகிய அதே சாக்கடை நாற்றம்.

கணவர் எட்டிப் பார்த்தார். "ஊர்ல எல்லார் வீட்டுத் தண்ணியையும் வடிய வைக்கிற மகராசி, உன் டப்பாவுல தேங்கிடுச்சே!"

வழக்கமாக இப்படி ஒன்று விழுந்தால் அவள் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். அன்று டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரே ஒரு ஓட்டை, அதுவும் மண்ணால் அடைந்திருந்தது. வடிகால் வைக்காமல் தொட்டி கட்டிய கொத்தனாரை எத்தனை முறை திட்டியிருக்கிறாள்! அதே தப்பை அவளே செய்திருந்தாள்.

அழுகாத துண்டுகளைப் பிளேடால் சீவி எடுத்தாள். வெட்டின இடத்தில் சாம்பல் தொட்டு, செய்தித்தாளில் பரப்பி ஐந்து நாள் நிழலில் காயவிட்டாள். பிறகு பொக்கே கடைக்குப் போய் விசாரித்தாள்.

"அந்தப் பெட்டியில ரெண்டு விதம் கலந்திருந்துச்சுக்கா," என்றாள் கடைக்காரப் பெண். "வெள்ளை, குளத்து ஓரத்துல வளர்றது. சேத்துல நின்னாலும் ஒண்ணும் ஆகாது. கலர் அப்படி இல்ல. ஈரம் வேணும், ஊறக் கூடாது."

வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைத் தன் பாஷையில் சொன்னாள்: "வெள்ளை வாத்துங்க. கலர் பூனை. நான் பூனையைப் புடிச்சுக் குளத்துல விட்டிருக்கேன்."

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் அவளுடைய சொந்த வேலை. வேலைத்தளங்களில் மிஞ்சிய ஆறு அங்குலக் கழிவுக் குழாய்த் துண்டுகளை முழ நீளத்துக்கு அறுத்தாள். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கினாள். ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, அடிப்பக்கம் திறந்தபடியே சந்து மண்ணில் ஒரு சாண் ஆழம் புதைத்தாள். கீழே செங்கல் சல்லி, அதற்கு மேல் மணலும் மக்கிய உரமும் மண்ணும். முளைக்கண் மேலே பார்க்க, நாலு விரல் ஆழத்தில் கிழங்கு. தண்ணீர் உள்ளே போனால் நிற்காமல் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும், அதுதான் கணக்கு. முன்பே துளிர்த்திருந்த வெள்ளை இரண்டையும் ஏசி தண்ணீர் சொட்டும் மூலையில் நேராக மண்ணிலேயே வைத்தாள்.

இந்தத் தடவை எல்லாம் முளைத்தன. இலைகள் புள்ளி புள்ளியாக, பெரிது பெரிதாக, கேட்பாரற்று வளர்ந்தன. பூ மட்டும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் குட்டு வெளிப்பட்டது: கிழங்கை உரித்த பாவத்துக்குப் பரிகாரமாகக் கணவர், பக்கத்து வீட்டுக் கீரைத்தொட்டிக்குப் போடும் உரத்தை வாரம் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாவம், ஏழைச் செடி, நல்லா சாப்பிடட்டும்னு..."

"நல்லாத்தான் சாப்பிட்டிருக்கு. உங்களை மாதிரியே தொப்பை வச்சிருக்கு, வேலை செய்யலை."

உரம் நின்றது. அந்த வருடம் பூ இல்லை. இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தபோது அவள் பதறிப்போனாள். இன்னும் தண்ணீர் ஊற்றப் போனவளைப் பொக்கே கடைப் பெண்தான் தடுத்தாள். செடி சாகவில்லை, தூங்கப் போகிறது. இரண்டு மாதம் தண்ணீரே காட்டக்கூடாது. தூங்கி எழுந்தால்தான் பூக்கும். தண்ணீர் ஊற்றாமல் இருப்பது அவளுக்கு ஊற்றுவதைவிடச் சிரமமாக இருந்தது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அடுத்த பருவத்தில், இலைகளுக்கு நடுவிலிருந்து பென்சில் மாதிரி சுருண்ட ஒன்று எழுந்தது. நாலு நாள், வேலைக்குக் கிளம்புமுன் நாலு தரம் போய்ப் பார்த்தாள். ஐந்தாம் நாள் காலை அது விரிந்து நின்றது: கருஞ்சிவப்பு மடல் ஒன்று தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொண்டு, நடுவில் மஞ்சள் திரி. பூ என்று நாம் சொல்வது வெறும் மடல்தான். நிஜப் பூக்கள் கடுகை விடச் சிறிதாக அந்தத் திரியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவளுக்கு அந்த நுணுக்கமெல்லாம் பிறகுதான் தெரியும். அன்று அவள் கண்ணில் பட்டது வேறு. வீட்டிலிருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"எவ்ளோ பதமா வளைஞ்சிருக்கு பாருங்க! புனல் மாதிரி. எங்கயாவது ஒரு ஒட்டு தெரியுதா? ஒரு ஜாயிண்ட் இல்லை!"

கணவர் குனிந்து பார்த்தார். தையல்காரர் அல்லவா. "தையலும் இல்லைதான்," என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அவர் வாயில் கிண்டல் வரவில்லை.

ஐந்தாறு வருடத்தில் சந்து முழுக்க அறுபது குழாய்கள் நின்றன. ஒரு கிழங்கு இரண்டாகும், இரண்டு நாலாகும். பொக்கே கடைப் பெண் இப்போது அவளிடம் பூ வாங்கினாள். காம்பைக் கத்தியால் வெட்டாமல் அடியில் பிடித்து லேசாகத் திருகி இழுக்க வேண்டும் என்று அவளுக்கே பைப்பக்கா சொல்லிக்கொடுத்தாள். வெட்டினால் மிச்சக் காம்பு அழுகும். குழாய் வேலையில் பாதி அறுத்து விட்ட துண்டு தொல்லை கொடுப்பது போலத்தான்.

அப்போதுதான் சுவர் விஷயம் கிளம்பியது. சந்து முடியும் இடத்தை ஒட்டி வண்டி நிறுத்தும் இடம். அதன் தூண் ஒன்றும் ஒட்டிய சுவரும் கோடையிலேயே ஈரம் கட்டி, உப்புப் பூத்து, பெயிண்டு அப்பளம் மாதிரி எழும்பி உதிர்ந்தது. செயலாளர் வந்தார், விரலால் சுரண்டினார், சந்தை எட்டிப் பார்த்தார். மறுநாள் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பின்சந்தில் உள்ள செடிகள் அனைத்தும் பத்து நாளுக்குள் அகற்றப்பட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம். செயலாளர் கையில் கோப்போடு எழுந்தார்.

"யார் மேலயும் தனிப்பட்ட கோபம் இல்லை. ஆனா தினமும் அறுபது தொட்டிக்குத் தண்ணி ஊத்தினா சுவர் என்னத்துக்கு ஆகும்? இது சின்னக் குழந்தைக்கும் புரியும்."

பைப்பக்கா எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை; கைகள் புடவைத் தலைப்பைத் தேடின. வேலைச் சட்டைதான் அகப்பட்டது. "சார், நான் தண்ணி ஊத்தி இருபத்திமூணு நாளாச்சு. செடியெல்லாம் தூங்குது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "செடி தூங்குதாம்!"

"தண்ணி ஊத்தலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் செயலாளர்.

பைப்பக்கா உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் எங்கே போகிறது என்று இந்தக் கட்டடத்தில் தன்னைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. தன்னைப் பார்த்தா இந்தக் கேள்வி?

கூட்டம் கலைந்ததும் நேரே சந்துக்குப் போனாள். வரிசையாக இலைகள் காய்ந்து சாய்ந்து கிடந்தன. அவள் சொன்னது சரிதான். கடைசிவரை நடந்தாள். கடைசியில் இருந்த நாலு குழாய்களுக்கு முன்னால் அவள் கால் நின்றது.

அந்த நாலும் பச்சையாக இருந்தன. புது இலைகூட ஒன்று விட்டிருந்தது.

அவற்றை அவள் முன்பே பார்த்திருந்தாள். இவை கொஞ்சம் பிடிவாதக்காரச் செடிகள் என்று நினைத்து விட்டுவிட்டாள். இப்போது முழங்காலிட்டு, ஒரு குழாய்க்குள் விரலை விட்டாள். மேலே தூள் மாதிரி காய்ந்த மண். விரல் முழுசாக உள்ளே இறங்கியதும் குளிர்ந்தது. தண்ணீர் மேலிருந்து வரவில்லை. கீழேயிருந்து ஏறுகிறது.

நீளமான ஸ்க்ரூ டிரைவரை மண்ணில் ஆழக் குத்தி, கைப்பிடியில் காதை வைத்தாள். மோட்டார் ஓடவில்லை, மேல் வீட்டில் யாரும் குளிக்கவில்லை. ஆனாலும் ஒரு சத்தம் கேட்டது: யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல், விடாமல், மெல்லிசாக.

அன்று மாலை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினாள். "நாளைக்குக் காலைல பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும் ஒரு குழாயையும் தொறக்காதீங்க. எனக்காக." இருபத்துமூன்று வீட்டிலும் சரி என்றார்கள். எந்த வீட்டிலாவது அவள் கை படாத குழாய் இருந்தால்தானே மறுப்பதற்கு!

மறுநாள் பத்து மணிக்குச் செயலாளரையும், மூன்றாம் மாடியில் இருந்த கட்டடப் பொறியாளரையும் மொட்டை மாடிக்கு ஏற்றிப் போய், தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். பதினொரு மணிக்கு மட்டம் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

"யாரும் தொறக்கலை," என்றாள். "தண்ணி எங்க போச்சு, சார்?"

செயலாளர் குனிந்து, கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் தானே விரல் வைத்து அளந்தார்.

கீழே வந்து கடைசி நாலு குழாய்களையும் மெல்லப் பிடுங்கி ஓரம் வைத்தாள். மண்வெட்டியை எடுத்தாள். இரண்டடி ஆழத்தில் மண் களியாக மாறியது. இன்னும் கொஞ்சம் கீழே ஒரு பழைய இரும்புக் குழாய். கட்டடம் கட்டிய புதிதில் முன்பக்கத் தோட்டத்துக்குப் போட்டது. தோட்டத்தை மூடித் தளம் போட்டபோது குழாயின் வாயை மட்டும் சிமெண்டால் பூசிவிட்டு, தண்ணீரை நிறுத்த மறந்திருக்கிறார்கள். வரைபடத்தில்கூட அது இல்லை. வளைவில் துருப்பிடித்து ஒரு கீறல். அதிலிருந்து விசிறி மாதிரி தண்ணீர். அதைவிட மோசமாக, கசிந்த தண்ணீர் தூணின் அடிப்பக்க மண்ணை அரித்து, ஒரு வாளி நுழையும் அளவுக்குப் பொந்து பறித்திருந்தது.

பொறியாளர் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது சட்டையெல்லாம் சேறு. முகத்தில் சிரிப்பில்லை.

"இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தா தூண் இறங்கியிருக்கும். யார் கண்டுபுடிச்சது இதை?"

செயலாளர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவள் முதுகு நிமிர்ந்த விதத்தை, ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர் வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினார். ஒரு வாரம் ஊசியில் நூல் கோர்க்கக்கூட அவருக்கு நேரமில்லை.

பழைய குழாயை மேலே, தொட்டியிலிருந்து பிரிகிற இடத்திலேயே துண்டித்து அடைத்தாள். பொந்தைப் பொறியாளர் சொன்னபடி கான்கிரீட்டால் நிரப்பினார்கள். இரண்டு மாதத்தில் சுவர் காய்ந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த தாளை யாரும் கிழிக்கச் சொல்லவில்லை. ஒருநாள் அது அங்கே இல்லை.

செயலாளர் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. அவருடைய மன்னிப்பு இன்னொரு உருவத்தில் வந்தது. வாசலில் வந்து தொண்டையைச் செருமினார்.

"முன்பக்கம் நுழைவாசல் கிட்ட தளத்தைக் கொஞ்சம் பேத்துட்டு, பூச்செடி வைக்கலாம்னு சங்கத்துல முடிவு பண்ணியிருக்கோம். நீங்க... உங்க அந்த லில்லி..."

"வைக்கலாம் சார். ஒரே ஒரு கண்டிஷன். தண்ணி நான் மட்டும்தான் ஊத்துவேன். அன்புல யாரும் ஒரு சொம்பு ஊத்தக் கூடாது."

"நான் கூடவா?"

"நீங்க முக்கியமா."

முதல்முறையாக அவர் அவளுக்கு முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

நுழைவாசலில் இப்போது இடதுபுறம் வெள்ளை, வலதுபுறம் கலர். வலதுபுறப் பாத்திக்குக் கீழே அவள் போட்ட வடிகால் குழாய் தெருக் கால்வாய் வரை சரிவாகப் போகிறது. பார்ப்பவர்களுக்குப் பூ தெரியும், அவளுக்கு அந்தச் சரிவு தெரியும். வீடு தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, "வாசல்ல புனல் மாதிரி பூ நிக்கும், அதுதான் நம்ம கட்டடம்" என்கிறார்கள்.

இந்த வருடம் மகள் நர்சிங் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினாள். விழாவன்று காலை பைப்பக்கா கையுறை மாட்டிக்கொண்டு, நன்றாக விரிந்த வெள்ளைப் பூக்களாகப் பார்த்து ஒன்பது காம்பு உருவினாள். காம்பின் அடியை ஈரத்துணியால் சுற்றினாள். கணவர் மிச்சமிருந்த நீலப் பட்டுத் துணியில் அதற்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தார். பேருந்தில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பூவையும் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். உட்காரச் சொன்ன இரண்டு பேருக்கும், "பூ கசங்கிடும்" என்று தலையாட்டினாள்.

மண்டபத்துக்கு வெளியே மகள் அங்கியும் தொப்பியுமாக ஓடி வந்து பூக்களை வாங்கிக்கொண்டாள். கூட வந்த கல்லூரி ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அடேங்கப்பா, எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையில இல்ல மேடம். எங்கம்மா வளத்தது," என்றாள் மகள். "எங்கம்மா பிளம்பர்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

புகைப்படக்காரர் நெருக்கி நிற்கச் சொன்னார். தையல்காரர் தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பைப்பக்கா தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நொடி முதுகுக்குப் பின்னால் கட்டினாள்; நகக்கண்களில் மண்ணும் விரல்களில் பழைய கீறல்களும். பிறகு என்ன நினைத்தாளோ, அவற்றை முன்னால் கொண்டுவந்து, மகளின் தோளில் ஒன்றும் பூக்களின் அடியில் ஒன்றுமாக, நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டாள்.

"எடுங்க தம்பி," என்றாள்.